பனிக்காலத்தில் வீட்டோடு இருக்கும் நாய்க்கு எதை வாங்கலாம்: கந்தப்பளையிலிருந்து ஒரு தையல்காரி

மார்கழியும் தையும் வந்தால் நாயை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். என் நாய் ஜிம்மி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் எதையோ நக்கிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கொங் என்ற சிவப்பு ரப்பர் பொம்மையை வாங்குங்கள். நக்கும் தட்டு விலை குறைவு, கையில் மிச்சம் இருந்தால் அதையும் எடுக்கலாம். மோப்பப் பாய் அருமையான சாமான்தான், ஆனால் கடையில் வாங்காதீர்கள், வீட்டில் தைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம்.

ஒன்லைனில் இந்தச் சாமான்களைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டில் ப்ரீசர் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, கழுவிப்போட்ட துணி அன்றைக்கே காய்கிறது. மலையில் அப்படி இல்லை. அதனால்தான் நம் வீடுகளுக்கு எது சரிவரும் என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கந்தப்பளையும் அதே மலைதான், அதே குளிர்தான். மார்கழியில் வடகிழக்குப் பருவ மழை, அது ஓய்ந்ததும் தையில் பனி. சில இராத்திரிகளில் 5 பாகைக்கும் கீழே போய்விடும். விடியும்போது புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெள்ளை பூத்துக் கிடக்கும், வெயில் ஏறியதும் அந்தக் கொழுந்து கருகிவிடும். அட்டன், மஸ்கெலியா, நோர்வுட் பக்கத்துக்காரர்களுக்கு இதே பாடு ஆனி ஆடியில் தென்மேற்கு மழையோடு வருகிறது. ஆக, மாதம்தான் வேறு, வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாய் எல்லா மலையிலும் உண்டு.

குளிரை நாய் எப்படியாவது தாங்கிவிடும். எனக்குப் பயம் சிறுத்தைதான். தேயிலை மலையில் சிறுத்தை இருப்பது புதுக்கதை இல்லை. அது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் வருகிறது என்றால் பெரும்பாலும் நாயைத் தேடித்தான் வரும். மூடுபனி இறங்கிவிட்டால் பகலுக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா ஆளா என்றே சொல்ல முடியாது. ஈரப் புல்லில் அட்டை வேறு. விரலிடுக்கில் ஏறினால் பிடுங்கி எறியலாம், மூக்குத் துவாரத்துக்குள் போனால் மிருக வைத்தியரிடம்தான் ஓட வேண்டும். அதனால் பனிக்காலத்தில் பின்நேரம் மூடுபனி இறங்கியதும் ஜிம்மி உள்ளே வந்துவிட வேண்டும். விடிந்து வெயில் ஏறும் வரைக்கும் வெளியே விடுவதில்லை.

ஜிம்மி நாட்டு நாய், நாலு வயது, 14 கிலோ. தாடை நல்ல பலம். எனக்கு வருஷத்தில் வேலை கூடிய மாதங்களும் இதே மாதங்கள்தான். பொங்கலுக்கு ஜாக்கெட், பாவாடை, பாடசாலை தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு. மெஷின் முன் காம்பராவில், அதாவது முன் அறையில் இருக்கிறது. எவ்வளவு கூட்டினாலும் தரையில் நூல் துண்டு, பொத்தான், குண்டூசி என்று ஏதாவது கிடக்கும். சும்மா இருக்கும் நாய் தரையில் கிடப்பதை வாயில் போட்டுப் பார்க்கும். நூல்தானே என்று நினைக்கக் கூடாது. நீள நூல் ஒரு முனை சிக்கி மறுமுனை இறங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். ஊசி கோத்த நூலென்றால் சொல்லவே வேண்டாம். பெரிய வைத்தியம் என்று வந்தால் பேராதெனியாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் மலையிறங்கி. ஆகவே நாய்க்கு வேலை கொடுப்பது என் வீட்டில் பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

நாயைக் களைக்க வைக்க ஓடவிட வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஓட்டம் நல்லதுதான். ஆனால் ஜிம்மியைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது வேறு. மூக்கையும் நாக்கையும் தாடையையும் சேர்த்து வேலை வாங்கினால் நாய் மலை ஏறி இறங்கியதுபோல் களைத்துத் தூங்குகிறது. சாப்பாட்டைத் தட்டில் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு நாள் முழுக்க அதற்கு ஒன்றும் இல்லை. அதே சாப்பாட்டைத் தேடி, நோண்டி, நக்கி எடுக்க வைத்தால் அரை நாள் போகும். கீழே நான் சொல்லும் எல்லாச் சாமானையும் இந்த ஒரு அளவுகோலில்தான் பார்த்திருக்கிறேன்: சாப்பாட்டை எவ்வளவு நேரம் வேலையாக்குகிறது?

முதலில் கொங். தம்பி கொழும்பில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வரும்போது அங்கே ஒரு கடையில் வாங்கிவந்தான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருண்டையை ஒட்டிவைத்த உருவம், கீழே பெரியது, மேலே சின்னது. உள்ளே கூடு. இயற்கை ரப்பர், நல்ல கனம். அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவர் 1970களில் இதைக் கண்டுபிடித்தார். அவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்ததாம். வேனைப் பழுதுபார்க்கும்போது கழற்றிப்போட்ட ஒரு ரப்பர்த் துண்டை அது விடாமல் கடித்திருக்கிறது. அந்த உருவத்திலிருந்துதான் இது வந்தது. தரையில் போட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. பெரிய முற்றம் உள்ளவர்களுக்கு அந்தத் துள்ளல் உதவும். 10க்கு 12 அடிக் காம்பராவில் தையல் மெஷின், கட்டில், அலுமாரி எல்லாம் வைத்திருக்கும் எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது அந்தக் கூடு.

அளவு முக்கியம். நடுத்தர அளவு 7 முதல் 16 கிலோ வரை, பெரிய அளவு 13 முதல் 30 கிலோ வரை என்று போடுகிறார்கள். ஜிம்மி இரண்டிலும் அடங்குவான். நான் பெரியதையே எடுக்கச் சொன்னேன். சின்னது என்றால் தொண்டையில் போய் அடைக்கும் என்ற பயம் எப்போதும் இருக்கும், பெரியது என்றால் சாப்பாடும் கூடப் பிடிக்கும். நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு கடுமையாகக் கடிக்கும் நாய்க்கு. குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் மெத்தென்ற ரப்பரில் தனியாக இருக்கிறது.

இனி, அடைப்பது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொங் நல்லதா கெட்டதா என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. வெறுமனே பிஸ்கட்டைப் போட்டுக் கொடுத்தால் இரண்டு உருட்டில் கொட்டிவிடும், அப்புறம் அது ஒரு ரப்பர் துண்டுதான். அதனால்தான் சாப்பாட்டை அடைத்து ப்ரீசரில் உறைய வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் லயத்தில் ப்ரீசர் இல்லை. நான் கண்டுபிடித்த வழி குரக்கன், அதாவது கேழ்வரகு. குரக்கன் மாவை உப்பில்லாமல் கெட்டியாகக் கிண்டி, அவித்த பூசணியை மசித்துக் கலந்துவிடுவேன். நெத்தலிக் கருவாட்டை உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் கழுவி அவித்து வைத்துக்கொள்வேன். கொங்கின் சின்ன முனையில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு நெத்தலியின் வால் மட்டும் அந்த ஓட்டையில் வெளியே தெரிகிற மாதிரி முதலில் செருக வேண்டும். அதற்குப் பின்னால் உலர்ந்த நாய்ச் சாப்பாடு கொஞ்சம். அதன்மேல் குரக்கன் களியைக் கரண்டிக் காம்பால் இறுக்கி அமுக்கி, வாய்வரைக்கும் நிரப்ப வேண்டும்.

கடைசியில் மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் இளகுவது, அதற்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். மலையில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பிள்ளைக்குத் தலை வார வேண்டுமென்றால் போத்தலைச் சுடுதண்ணியில் நிறுத்தி வைக்காத வீடு எது? அந்த எண்ணெயே இங்கே மூடியாகிவிடுகிறது. கொங்கை ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்து, தட்டால் மூடி, இராத்திரி ஜன்னல் ஓரம் வைத்தால் விடியும்போது எண்ணெய் மெழுகுபோல் இறுகியிருக்கும், களி கல்லாக இருக்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், கொழுப்புக் கூடினால் நாய்க்கு வயிறு கெடும்.

அதைக் கொடுத்ததும் ஜிம்மி என்ன செய்கிறான் என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதலில் கடிக்க மாட்டான். சின்ன முனைக்குப் போய் அந்த வாலை மோந்து, முன்பல்லால் இழுத்துப் பார்ப்பான். வராது. பெரிய முனைக்குத் திரும்பி, இரண்டு முன்னங்காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு எண்ணெயை நக்கத் தொடங்குவான். நாக்கின் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகும். எண்ணெய் தீர்ந்து களி தென்பட்டதும் தலையைச் சாய்த்துக் கடைவாய்ப் பல்லால் ரப்பரைப் பிதுக்குவான். பிதுக்கினால் களி விளிம்புக்கு வருகிறது என்று அவனாகவே பிடித்துக்கொண்டான். பாதிக்கு மேல் நாக்கு எட்டாது. அப்போது எழுந்து, வாயில் கவ்விக்கொண்டு வாசற்படிக்குப் போய், அங்கேயிருந்து சீமெந்துத் தரையில் போடுவான். விழுந்த இடத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கிவிட்டுத் திரும்பவும் தூக்கிக்கொண்டு படிக்கு வருவான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நெத்தலி கடைசியில்தான் கிடைக்கும். இவ்வளவும் முடிய நான் ஒரு பாடசாலைச் சட்டைக்குக் காலர் வைத்து, இரண்டு கையும் ஏற்றி, பொத்தான் துளையும் போட்டுவிடலாம். முடிந்ததும் சாக்கில் போய்ச் சுருண்டு படுத்துவிடுவான்.

இப்படிக் கொடுக்கும் சாப்பாட்டை அன்றைய சோற்றில் கழித்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் நடையும் குறைவு, கூடுதலாகவும் தின்றால் நாய் பருத்துவிடும்.

எதை அடைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடைக்கக் கூடாததெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நுவரெலியா மலைக்கு லீக்ஸ்தான் பெயர், எந்தக் கறியிலும் அது இருக்கும். லீக்ஸ், வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அவித்தாலும் வதக்கினாலும் அந்தக் கெடுதி போகாது. அதனால் மிச்சக் கறியைப் பிசைந்து அடைக்கக் கூடாது. நத்தார் கேக்கில் வரும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்லேட்டும் ஆகாது. தேத்தண்ணி ஊற்றிய பாணைச் சில வீடுகளில் நாய்க்குப் போடுகிறார்கள். தேயிலையில் இருக்கும் கஃபீன் நாய்க்கு விஷம், ஊற்றிய சாயத்தையும் கொடுக்காதீர்கள். நிலக்கடலை பட்டர் நாய்க்கு உயிர். ஆனால் போத்தலில் சைலிட்டோல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்த இனிப்புச் சரக்கு கொஞ்சம் போனாலே நாய்க்கு இரத்தச் சர்க்கரை இறங்கி ஆபத்தாகிவிடும். கரட், பூசணி, அவித்த உருளைக்கிழங்கு, சர்க்கரை போடாத தயிர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கொங்கின் விலை? கொழுந்து எடுப்பவருக்கு அது சில நாள் சம்பளம். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா முதன்முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாய்க்குப் போயி இம்புட்டுக் காசா?" என்று கேட்டார். "பெரியம்மா, இவன் கடிச்ச செருப்பு எத்தனை, இழுத்துக் கிழிச்ச துணி எத்தனைன்னு கூட்டிப் பாருங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில், தன் பேரனுக்கு அவித்த பூசணியில் ஒரு துண்டை எடுத்து, "இத அந்த ரப்பருக்குள்ள வச்சுக் குடு" என்று கொண்டுவந்தார். காசுக்கு நியாயம் சொல்ல என்னிடம் இருப்பது அதன் உழைப்பு. ஜிம்மியின் தாடைக்கு இன்று வரை பல் அச்சு மட்டும்தான் விழுந்திருக்கிறது, ஒரு துணுக்குக்கூடப் பெயரவில்லை. கேகாலையிலும் களுத்துறையிலும் ரப்பர்ப் பால் வடிக்கிற நாடு நம்முடையது. இப்படி ஒரு சாமானை இங்கேயே நல்ல தரத்தில் செய்து, நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் விற்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதைக் கழுவும்போதெல்லாம் நினைக்கிறேன்.

கழுவுவதற்குப் போத்தல் பிரஷ் போதும். எண்ணெய் ஊறினால் இயற்கை ரப்பர் மெல்ல மெல்லப் பலம் இழக்கும், அதனால் அன்றைக்கன்றே சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் கழுவிவிடுங்கள். காயட்டும் என்று அடுப்படிக்குக் கிட்டவோ வெயிலிலோ வைக்க வேண்டாம், ரப்பர் வெடிக்கும்.

போலியைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி வாங்குவதற்கு முன்னால் ஒன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் கொங் என்ற பெயரில் ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததுமே டயர்க் கடை வாசம். நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. அதைவிட மோசம், சின்ன முனையில் ஓட்டையே இல்லை. அந்த ஓட்டை அழகுக்கு வைத்தது அல்ல. ஒரே ஒரு வாய் மட்டும் உள்ள பொம்மைக்குள் நாய் நாக்கை விட்டு உறிஞ்சும்போது உள்ளே காற்றில்லாமல் நாக்கு இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். வீங்கினால் வெளியே எடுக்கவே முடியாது. எந்தப் பெயரில் வாங்கினாலும் இரண்டு பக்கமும் திறப்பு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நான் திருப்பி அனுப்பினேன். காசு வர இழுத்தடித்தார்கள், ஆனால் வந்தது.

அடுத்தது நக்கும் தட்டு. சிலிக்கோனில் மேடும் பள்ளமுமாகச் செய்த சின்னப் பாய், புத்தக அளவு. விலை கொங்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தயிரையோ மசித்த கரட்டையோ மெல்லியதாகத் தடவிக் கொடுக்க வேண்டும். வேலை நேரம் குறைவுதான். ஆனால் இதற்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது: நக்க நக்க நாய்க்குப் பதற்றம் தணிகிறது. தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய் நடுங்குகிறவன், கதவைச் சாத்தி, ரேடியோவைக் கூட்டி வைத்து, இந்தத் தட்டைக் கொடுத்தால் நடுக்கம் விட்டு நக்கத் தொடங்குகிறான். நகம் வெட்டவும் காலில் அட்டை பார்க்கவும் இதே உபாயம்தான், ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கைக்கு அவன் காலைத் தந்துவிடுவான். அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்கள் இருக்கின்றன, சுவரில் ஒட்டலாம் என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறார்கள். டைல் பதித்த சுவருக்கு அது சரி. சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவரில் நிற்காது. ஈரம் துடைத்த எவர்சில்வர் தட்டில் அமுக்கி வைத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. கொதிதண்ணியில் கழுவலாம், துடைத்தால் உடனே காய்ந்துவிடும், இந்த ஈர மலையில் அது பெரிய நன்மை. நக்கி முடித்ததும் எடுத்து வைத்துவிடுங்கள், விட்டால் ஓரத்தைக் கடித்துத் துணுக்காக்கிவிடும்.

மோப்பப் பாய்க்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, என் தொழிலாயிற்றே. பாய் முழுக்கத் துணி நாடாக்கள் புல் மாதிரி நெருக்கமாக நிற்கும். அதற்குள் சாப்பாட்டைத் தூவிவிட்டால் நாய் மூக்கை நுழைத்து ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். எண்ணம் மிக நல்ல எண்ணம். மோப்பம்தான் நாய்க்குக் கண். வெளியே போய்ப் புல்லையும் வேலியையும் மோந்து பார்க்கிற சந்தோஷத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. நான் குறை சொல்வது தையலை. நான் வாங்கியதைப் புரட்டிப் பார்த்தேன். நாடாக்களை ஒரே ஒரு நேர்த் தையலில், அதுவும் நீளத் தையலில் பிடித்திருந்தார்கள். வரிசை முடிகிற இடத்தில் திருப்பித் தைத்து முடிச்சுப் போடவில்லை. ஒரு நாடாவை இழுத்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும். நாய் இழுக்காமல் இருக்குமா? நாடா ஃபெல்ட் துணி. அது நெய்த துணி இல்லை, அமுக்கிச் செய்தது, எச்சில் பட்டதும் பிய்ந்துவிடும். பிய்ந்தது வயிற்றுக்குள் போகும். அடியில் ஸ்பஞ்ச் வைத்திருந்தார்கள். கழுவிப்போட்டேன். மூடுபனி நாட்களில் அந்த ஸ்பஞ்ச் காயவே இல்லை, புளித்த வாசம் வந்து, கறுப்புப் புள்ளி பூத்துவிட்டது. நாய் அதில் மூக்கை வைத்து மூச்சை இழுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்களுக்குக் காயும் பிரச்சினை வராது. மலைக்கு அது ஆகாது.

நானே ஒன்று தைத்தேன். நுவரெலியாவில் குளிர் உடுப்பு விற்கும் பேல் பசாரில் பழைய பிளீஸ் ஜெர்சி மலிவாகக் கிடைக்கும், நிறம் மங்கியதும் சிப் உடைந்ததும் இன்னும் மலிவு. பிளீஸ் வெட்டினால் நூல் பிரியாது, தண்ணியைக் குடித்து வைக்காது, அடுப்படிக் கயிற்றில் போட்டால் இராத்திரிக்குள் காய்ந்துவிடும். ஒரு அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்துக்கு நாடா வெட்டிக்கொள்ளுங்கள். அடிக்குப் பழைய டெனிம் காற்சட்டையின் கால் பகுதியை விரித்து இரட்டையாகத் தைத்துக்கொள்ளுங்கள். சாக்கு வேண்டாம், நார் உதிரும். நாடாவை நடுவில் வைத்து, அங்குலத்துக்கு ஒரு வரிசையாக, சின்ன சிக்சாக் தையலில் இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டு முனையிலும் திருப்பித் தைத்து முடிச்சிடுங்கள். 16ஆம் நம்பர் ஊசி போட்டால் டெனிமில் உடையாது. தைத்து முடித்ததும் ஒவ்வொரு நாடாவையும் கையால் இழுத்துப் பாருங்கள். கேட்பவர்களுக்கு நான் தைத்துக் கொடுப்பதும் உண்டு, அதனால்தான் அளவை இங்கே முழுதாக எழுதினேன், மெஷின் உள்ளவர்கள் தாங்களே தைத்துக்கொள்ளலாம்.

ஜிம்மி இதில் தேடும்போது அறை முழுக்க அவன் மூச்சுச் சத்தம் கேட்கும். புஸ் புஸ்ஸென்று வேகமாக இழுப்பான், ஒன்று கிடைத்ததும் சத்தம் நிற்கும், மென்று முடித்ததும் மறுபடி தொடங்கும். உலர்ந்த சாப்பாட்டை ஒரு கைப்பிடி தூவினால் போதும். முடிந்ததும் பாயை ஆணியில் மாட்டிவிடுவேன். கீழேயே கிடந்தால் அது படுக்கையாகிவிடும், பிறகு அதில் தேட ஆசை வராது.

பிளாஸ்டிக் பெட்டியை நீட்டி எழுத ஒன்றுமில்லை. இந்த வகைப் புதிர்ப் பெட்டிகளுக்கு ஸ்வீடன் நாட்டு நீனா ஒட்டோசன் பெயர் போனவர். என்னிடம் வந்தது அவருடையது இல்லை, பெயரில்லாத ஒன்று. மூடியைத் தள்ளினால் கீழே குழியில் சாப்பாடு. ஜிம்மி முதல் நாளே பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு மூடியையும் தள்ளுவதில்லை, பெட்டியை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்துவிட்டுக் கொட்டியதைத் தின்கிறான். மூடி ஒன்றும் கழன்று வந்துவிட்டது. வீட்டில் பணியாரச் சட்டி இருக்கிறதா? குழிகளில் சாப்பாட்டைப் போட்டு, பழைய சொக்ஸை உருட்டி ஒவ்வொரு குழியின் மேலும் வைத்துக் கொடுங்கள். அது கனம், கவிழ்க்க முடியாது. வேலையும் அதேதான்.

காசே வேண்டாத வழிகளும் இருக்கின்றன. மரக்கறிக் கடைக் கார்ட்போர்ட் பெட்டியில் பின்னடித்த கம்பியை எல்லாம் பிடுங்கிவிட்டு, உள்ளே கசக்கிய பேப்பரும் நாலு நெத்தலியும் போட்டு மடித்துக் கொடுத்தால் கிழித்துத் தீர்ப்பான். முட்டைத் தட்டும் நல்லது. பேப்பரை விழுங்குகிற நாயாக இருந்தால் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

இவற்றில் எதுவும் நடைக்குப் பதில் இல்லை. பனி பெய்த நாளில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் விழும். அந்த நேரத்தில் நான் மெஷினை நிறுத்திவிட்டு ஜிம்மியைக் கயிற்றில் பிடித்து, ஸ்டோர் ரோட்டில் கொஞ்சத் தூரம் போய் வருவேன். அவன் மோந்து நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன், இழுக்க மாட்டேன். மழை விடாத நாளில் அதுவும் இல்லை. அந்த நாட்களுக்குக் காலையில் மோப்பப் பாய், மத்தியானம் கொங், இருட்டின பிறகு நக்கும் தட்டு என்று பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொடுத்தால் எல்லாமே பழசாகிவிடும்.

கொங்கை எப்போது மாற்ற வேண்டும் என்றும் கேட்கிறார்கள். விளிம்பில் துணுக்குப் பெயரத் தொடங்கினால், அல்லது உள்ளே விரலை விட்டுப் பார்க்கும்போது வெடிப்புத் தட்டுப்பட்டால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். கீழ் லயத்தில் ஒரு வீட்டு நாய் ஜிம்மியைவிடப் பெரியது, கடிக்கு அடங்காது, சிவப்பு அதற்குத் தாங்காது. அதற்குக் கறுப்பு நிறத்தில் பெரிய அளவு ஒன்றை எடுத்துவரச் சொல்லித் தம்பியிடம் அவர்கள் காசு கொடுத்துவிட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறான். அதையும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.